கைனேஸை அடக்கி வைக்கிறது எந்தக் கை: பேப்பரும் பாக்குவெட்டியும் வச்சுப் படிக்கிற முறை

கம்பஸ் போன எங்கட பெடியள் பெட்டையள் பயோகெமிஸ்ட்ரி பாடம் வரேக்க எனக்கு போன் எடுத்துக் கேக்கிற கேள்வி அநேகமா ஒண்டுதான். "ரீச்சர், உந்த கைனேஸை ரெகுலேட்டரி டொமைன் எப்பிடி நிப்பாட்டுது, நோட்ஸில தன்னைத்தானே நிரோதிக்கும் எண்டு ஒரு வரி மட்டும் கிடக்கு, படத்தில நாலு வட்டமும் ஒரு அம்புக்குறியும் கிடக்கு, ஒண்டும் விளங்கேல்ல." கைனேஸ் எண்டது மற்றப் புரதங்களில பொஸ்பேற்றை ஒட்டி விடுற நொதியம், டொமைன் எண்டது ஒரு புரதத்துக்குள்ள தனியா மடிஞ்சு நிக்கிற ஒரு பகுதி, கைனேஸை அடக்கிற பகுதிதான் ரெகுலேட்டரி டொமைன். நான் கிளிநொச்சியில ஏ.எல் பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்கிறன், போனில ஒவ்வொருத்தருக்கும் அரை மணித்தியாலம் சொல்லுறத விட ஒருக்கா வடிவா எழுதி வச்சா எல்லாருக்கும் உதவும் எண்டுதான் இத எழுதுறன்.

நான் படிக்கேக்க எனக்கும் உதே பிரச்சினைதான். எஸ்எச்2 எண்ட அடக்கிற டொமைனைக் கொண்டுபோய், கலத்துக்குச் சக்தி குடுக்கிற ஏ.ரி.பி மூலக்கூறு இருக்கிற குழிக்கு மேல மூடி மாதிரிக் கீறி சோதனையில குடுத்தன், மாக்ஸ் போச்சு, ஏன் பிழை எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல, கன வருசம் கழிச்சு முப்பரிமாணப் படத்தை நானே திருப்பித் திருப்பிப் பாக்கேக்கதான் தெரிஞ்சுது அந்த டொமைன் வாய்ப்பக்கம் வாறதே இல்ல, முதுகுப்பக்கம் நிண்டு பிடிக்குது எண்டு. அந்த ஒரு விசயம் விளங்கினதோட மிச்சம் எல்லாம் தன்பாட்டில விளங்கத் தொடங்கிட்டுது. அதால நீங்கள் இத வாசிக்கேக்க சும்மா வாசிக்காதேங்கோ, ஒரு கொப்பித்தாள், பென்சில், ரெண்டு கலர் பேனை, வீட்டில அம்மம்மா வச்சிருக்கிற பாக்குவெட்டி, உங்கட போன், இவ்வளவும் பக்கத்தில இருக்கட்டும்.

முதல் வேலை, கைனேஸை மட்டும் தனியக் கீறுறது. அடக்கிற டொமைனை இப்ப தொடாதேங்கோ. கைனேஸ் செய்யிற வேலை ஒண்டுதான், ஏ.ரி.பியில இருக்கிற மூண்டு பொஸ்பேற்றில கடைசியா நிக்கிற காமா பொஸ்பேற்றைக் கழட்டி இன்னொரு புரதத்தின்ர செரின், திரியோனின், இல்லாட்டி தைரோசின் எண்ட அமினோ அமிலத்தில இருக்கிற ஐதரொட்சில் கூட்டத்தில ஒட்டி விடுறது. 2002இல மனுச மரபணுத் தொகுதியை அலசி எண்ணினபோது இப்பிடி 518 கைனேஸ் வந்துது, ஆனா அநேகமா எல்லாத்துக்கும் வேலை செய்யிற பகுதி ஒரே வடிவம்தான், ரெண்டு மடல். மேல் மடல் சின்னன், அதில அநேகமா பீற்றாத் தகடு, கூட ஒரு முக்கியமான ஹெலிக்ஸ், அதாவது சுருள், அதுக்குப் பேர் அல்பா சி. கீழ் மடல் பெரிசு, அநேகமா முழுக்க ஹெலிக்ஸ். ரெண்டுக்கும் நடுவில ஒரு பிளவு, அந்தப் பிளவுக்குள்ள ஆழத்தில ஏ.ரி.பி குந்தும், வாசல்பக்கம் மற்றப் புரதம் வந்து படுக்கும். வாசல்ல ஒரு நீட்டுக் கயிறு மாதிரி ஒரு துண்டு தொங்கும், அதுதான் அக்டிவேஷன் லூப்.

இப்ப பாக்குவெட்டியைக் கையில எடுங்கோ. மேல் கை மேல் மடல், கீழ் கை கீழ் மடல், ரெண்டையும் சேத்து வைக்கிற ஆணிதான் மடிப்பு. ஆணிக்குக் கிட்டவா பாக்கு வைக்கிற இடத்தில ஏ.ரி.பி இருக்கெண்டு வையுங்கோ. பாக்கு வெட்டுப்படவேணுமெண்டா அலகு அலகோட நேராச் சந்திக்கவேணும், ஒரு நூலளவு விலகினாலும் பாக்கு நழுவும், வெட்டாது. கைனேஸிலயும் அப்பிடித்தான், மேல் மடலில இருக்கிற ஒரு லைசினும் அல்பா சி ஹெலிக்ஸில இருக்கிற ஒரு குளுட்டமேற்றும் ஒண்டை ஒண்டு பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும், அந்தப் பிடி இருந்தாத்தான் லைசின் ஏ.ரி.பியின்ர பொஸ்பேற்றுகளைச் சரியான இடத்தில வச்சிருக்கும். உங்கட படத்தில லைசினுக்கும் குளுட்டமேற்றுக்கும் நடுவில ஒரு சிவப்புக் கோடு போடுங்கோ. இந்தச் சிவப்புக் கோட்டை மறந்திடாதேங்கோ, பிறகு இதைத்தான் உடைக்கப் போறம்.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ, ஒரு பாக்குவெட்டியை வேலை செய்யாம நிப்பாட்டவேணுமெண்டா உங்களுக்கு என்ன வழி இருக்கு? ஒண்டு, பாக்கு வைக்கிற வாயில ஒரு சின்னக் கல்லை வச்சு விடலாம். ரெண்டு, வாயைத் தொடாம ஆணிப்பக்கத்தில ஒரு ஈர்க்கைச் செருகி விடலாம், அலகு ஒரு பக்கமாச் சரியும், பாக்கு உள்ளுக்குப் போகும் ஆனா வெட்டாது. ரெகுலேட்டரி டொமைனுகள் செய்யிறதும் அநேகமா இந்த ரெண்டு வழிதான், வாயை அடைக்கிறது, இல்லாட்டி முதுகில பிடிச்சுச் சரிக்கிறது. அதால எந்தக் கைனேஸ் வந்தாலும் கொப்பியில மூண்டு கேள்வி எழுதுங்கோ. பிடிக்கிறது ஆர். எங்க பிடிக்குது, வாயிலயோ முதுகிலயோ. அந்தக் கையை எடுத்து விடுறது ஆர். மூண்டுக்கும் பதில் எழுத ஏலுமெண்டா அந்தக் கைனேஸ் உங்களுக்கு விளங்கிட்டுது, ஒண்டுக்கு எழுத ஏலாட்டி எங்க படிக்கவேணும் எண்டாவது தெரியும்.

வாயை அடைக்கிறதுக்கு பி.கே.ஏ எண்ட கைனேஸை எடுப்பம். இரவில வயல் காவலுக்குக் கொட்டிலில படுத்திருக்கிறியள், வாய்க்கால் பக்கம் மரம் முறியிற சத்தம் கேக்குது, யானை. அந்த ஒரு நொடியில நெஞ்சு அடிக்கத் தொடங்குது, அதிரினலீன் இரத்தத்தில இறங்கீட்டுது, அது தசைக்கலத்தின்ர மென்சவ்வில இருக்கிற பீற்றா ஏற்பியில போய் ஒட்ட, உள்ளுக்கு அடினைலில் சைக்கிளேஸ் எண்ட நொதியம் ஏ.ரி.பியை சைக்கிளிக் ஏ.எம்.பியா மாத்துது. (சைக்கிளிக் ஏ.எம்.பியைக் கண்டுபிடிச்ச ஏர்ல் சதர்லண்டுக்கு 1971இல நோபல் பரிசு குடுத்தவை.) இவ்வளவு நேரமும் பி.கே.ஏ நாலு பேரா ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்தது, ரெண்டு பேர் வேலைக்காரர், ரெண்டு பேர் காவல்காரர், அதாவது ரெகுலேட்டரி உபவலகு. காவல்காரரின்ர உடம்பில ஒரு சின்னத் துண்டு நீட்டிக்கொண்டு நிக்கும், அது வேலைக்காரரின்ர வாய்க்குள்ள படுத்திருக்கும்.

அந்தத் துண்டைக் கிட்டப் போய்ப் பாப்பம். பி.கே.ஏ வழமையாத் தேடுறது அர்ஜினின், அர்ஜினின், ஏதாவது ஒண்டு, பிறகு செரின் இல்லாட்டி திரியோனின், இந்த வரிசையை. ஆர்1 அல்பா எண்ட காவல்காரரின்ர துண்டில எழுதியிருக்கிறது அர்ஜினின், அர்ஜினின், கிளைசின், அலனின், ஐசோலூசின். செரின் வரவேண்டிய இடத்தில அலனின். செரினுக்கும் அலனினுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஒட்சிசன் அணு, அந்த ஒட்சிசன் இல்லாததால பொஸ்பேற்றை ஒட்ட இடமில்ல. கைனேஸ் இத நல்ல இரை எண்டு வாயில எடுக்கும், ஆனா ஒண்டும் செய்ய ஏலாது, வாயும் அடைபட்டுப் போச்சு. இதுக்குத்தான் பொய் அடிப்படைப்பொருள் எண்டு பேர், சூடோசப்ஸ்ட்ரேற் எண்டும் சொல்லுவினம். இந்த ஒரு ஒட்சிசனை நினைக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும், ஏனெண்டு சொல்லத் தெரியேல்ல, அவ்வளவு சின்ன விசயத்தில இவ்வளவு பெரிய அமைதி.

ஆனா ஒரு இடத்தில கவனம். ஆர்2 எண்ட மற்றக் காவல்காரர் வகையில அந்த இடத்தில உண்மையாவே செரின் இருக்கு, பி.கே.ஏ அதில பொஸ்பேற்று ஏத்தியும் விடும், அப்பிடி ஏத்தினாப் பிறகும் அவர் வாயை விடாமப் பிடிச்சுக்கொண்டு நிப்பார். அதால "அலனின் இருந்தாத்தான் அடக்கலாம்" எண்டு சோதனையில எழுதிப் போடாதேங்கோ.

மூண்டாம் கேள்வி, கையை எடுத்து விடுறது ஆர்? சைக்கிளிக் ஏ.எம்.பி. ஒவ்வொரு காவல்காரரிலயும் அதுக்கு ரெண்டு இருக்கை, மொத்தம் நாலு. நாலும் வந்து குந்த காவல்காரரின்ர வடிவம் மாறும், வாய்க்குள்ள கிடந்த துண்டு வெளிய வரும், பி.கே.ஏ எழும்பி பொஸ்பொரிலேஸ் கைனேஸுக்கு பொஸ்பேற்றை ஏத்தும், அதில இருந்து கிளைக்கோஜன் உடையத் தொடங்கும், நீங்கள் எழும்பி ஓடுறதுக்கோ தீப்பந்தம் தூக்கிறதுக்கோ காலில சீனி வந்து சேரும்.

பி.கே.சி எண்ட கைனேஸும் இதே வழிதான், அதிலயும் ஒரு பொய்த் துண்டு வாயில கிடக்கும், சி1 டொமைன் டைஅசைல்கிளிசரோல் எண்ட கொழுப்பைப் பிடிக்கும், சி2 கல்சியத்தைப் பிடிக்கும், ரெண்டும் சேந்து மென்சவ்வில ஒட்டேக்க பொய்த் துண்டு இழுபட்டு வெளிய வரும். அதில கூட எழுத ஒண்டுமில்ல, பி.கே.ஏ விளங்கினா காணும்.

இனி முதுகில பிடிக்கிற வழி. இதுதான் ஆக்களுக்குக் கஷ்டம், எனக்கு மாக்ஸ் போனதும் இதிலதான், அதால ஆறுதலாப் போவம். இதுக்கு எடுக்கிற கைனேஸை எஸ், ஆர், சி எண்டு எழுதி சார்க் எண்டு சொல்லுவினம். இதின்ர கதை கோழியில தொடங்கினது, 1911இல பேற்றன் ரவுஸ் எண்டவர் கோழியின்ர கட்டியில இருந்து எடுத்த வடிசாறை இன்னொரு கோழிக்கு ஏத்த அதுக்கும் கட்டி வந்தது, அது ஒரு வைரஸ் எண்டு பிறகு தெரிஞ்சுது, அந்த வைரஸ் காவிக்கொண்டு திரிஞ்ச மரபணு உண்மையில கோழியின்ர சொந்த மரபணுவில இருந்து வந்ததெண்டு காட்டின பிஷப்புக்கும் வார்மஸுக்கும் 1989இல நோபல் கிடைச்சது. கோழிக்குள்ள ஒழுங்கா இருக்கிற அதே கைனேஸ் வைரஸுக்குள்ள போனாப் பிறகு ஏன் அடங்காம நிக்குது? பதில் வாலில இருக்கு.

சார்க்கை யாழ்தேவிப் பெட்டி மாதிரி நீளமாக் கீறுங்கோ. முன்னுக்கு எஸ்எச்3, பிறகு எஸ்எச்2, பிறகு ஒரு இணைப்புக் கயிறு, பிறகு கைனேஸ் ரெண்டு மடல், கடைசியில ஒரு சின்ன வால். வாலில 527ஆம் இலக்கத்தில ஒரு தைரோசின். சி.எஸ்.கே எண்ட இன்னொரு கைனேஸ் (பேர் மறக்காது எண்டு நினைக்கிறன்) அந்தத் தைரோசினில பொஸ்பேற்றை ஏத்தும். இப்ப நீளமாக் கீறினத மடியுங்கோ, பேப்பரை வெட்டி மடிச்சா இன்னும் நல்லம். எஸ்எச்2 வந்து பொஸ்பேற்று ஏறின வாலைப் பிடிக்கும், அது நிக்கிற இடம் கீழ் மடலின்ர முதுகு. எஸ்எச்3 வந்து எஸ்எச்2க்கும் கைனேஸுக்கும் நடுவில இருக்கிற இணைப்புக் கயிறைப் பிடிக்கும், அது நிக்கிற இடம் மேல் மடலின்ர முதுகு. ரெண்டும் வாய்க்கு எதிர்ப்பக்கம், வாயைத் தொடேல்ல. ஆனா அந்தப் பிடியால மேல் மடலில அல்பா சி ஹெலிக்ஸ் வெளிப்பக்கமா விலகிப் போகும், விலகினவுடன குளுட்டமேற்று 310 லைசின் 295ஐ விட்டிட்டுப் போகும். உங்கட சிவப்புக் கோடு இப்ப உடைஞ்சுது, அழிச்சு விடுங்கோ. அதோட அக்டிவேஷன் லூப்பும் சுருண்டு உள்ளுக்கு மடியும், அதில இருக்கிற தைரோசின் 416 ஒளிஞ்சு போகும்.

இத நம்பாட்டி போனை எடுங்கோ. புரதக் கட்டமைப்புகளைச் சேத்து வைக்கிற பி.டி.பி தளத்துக்குப் போய் 2, எஸ், ஆர், சி எண்டு நாலு எழுத்தையும் சேத்து அடியுங்கோ, மனுச சார்க் மடிஞ்சு கிடக்கிற கட்டமைப்பு வரும், முப்பரிமாணப் படத்தைத் தொட்டுத் திருப்பலாம். முதலில தட்டையான அம்புக்குறிகள் கூட்டமா இருக்கிற இடத்தைத் தேடுங்கோ, அப்பிடி ஒரு கூட்டம் மேல் மடலில இருக்கும், அதுக்குக் கீழ சுருள் சுருளாக் கீழ் மடல். ரெண்டுக்கும் நடுவில ஒரு சின்ன மூலக்கூறு குச்சி குச்சியாத் தெரியும், அது ஏ.ரி.பி மாதிரியே செய்த, ஆனா உடையாத ஒண்டு, பட்டியலில ஏ.என்.பி எண்டு கிடக்கும். இந்த இடத்தில நிண்டு ஒருக்கா யோசியுங்கோ. கைனேஸ் அடங்கிக் கிடக்கு, ஆனா குழிக்குள்ள ஏ.ரி.பி மாதிரி ஒண்டு வசதியாக் குந்தியிருக்கு. மூடி எண்டு ஒண்டு இருந்திருந்தா அது எப்பிடி உள்ளுக்குப் போனது? நான் கீறின மூடிப் படம் பிழை எண்டதுக்கு இதைவிட வேற சாட்சி தேவையில்ல. பாக்கு உள்ளுக்கு இருக்கு, வெட்டு விழேல்ல. பிறகு படத்தைப் பின்பக்கம் திருப்பி பி.ரி.ஆர் எண்ட எச்சத்தை (எச்சம் எண்டது புரதச் சங்கிலியில ஒரு அமினோ அமிலம்) தேடுங்கோ, அதுதான் பொஸ்பேற்று ஏறின தைரோசின், அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவர்தான் எஸ்எச்2. நேரமிருந்தா 1, ஒய், 5, 7 எண்டும் அடிச்சுப் பாருங்கோ, அதில ரெண்டு டொமைனும் பிடியை விட்டு இடம் மாறி நிக்கிறது தெரியும்.

இலக்கத்தில ஒரு குழப்பம் வரும், பயப்படாதேங்கோ. 527 எண்டது கோழி சார்க்கின்ர இலக்கம், மனுசரில அது 530. ஒரு புத்தகத்தில 416, இன்னொண்டில 419 எண்டு கண்டாலும் அதே கதைதான், மூண்டு கூடும்.

இன்னொண்டு, கனபேர் விடுற பிழை. பொஸ்பேற்று ஏறினா கைனேஸ் எழும்பும் எண்டு ஏ.எல்லில படிச்சது மண்டையில ஊறிக் கிடக்கும். சார்க்கில 416இல ஏறினா எழும்பும், 527இல ஏறினா படுக்கும். பொஸ்பேற்று எண்டது ஒரு முடிச்சு மாதிரி, எந்தக் கயிறில போடுறியள் எண்டதிலதான் எல்லாம் இருக்கு. வைரஸின்ர சார்க்கில வால் மாறிப்போய் அந்தத் தைரோசினே இல்ல, எஸ்எச்2க்குப் பிடிக்க ஒண்டும் இல்ல, அதாலதான் கோழிக்குக் கட்டி வந்தது.

இந்தப் பிடி எவ்வளவு இறுக்கம் எண்டு கேட்டா, வேணுமெண்டே தளர்வாத்தான் இருக்கு. எங்கட வீட்டுப் படலையை நினைச்சுப் பாருங்கோ, ஒரு கயிறு வளையத்தைத் தூக்கிக் கட்டையில மாட்டி விடுவம், மாடு தலையால முட்டினாத் திறக்காது, ஆனா தெரிஞ்ச ஆள் வந்து ஒரு விரலால தூக்கினாத் திறக்கும். எஸ்எச்2க்கு மிக விருப்பமான வரிசை பொஸ்போதைரோசினுக்குப் பிறகு குளுட்டமேற்று, குளுட்டமேற்று, ஐசோலூசின். சார்க்கின்ர வாலில இருக்கிறது குளுட்டமின், புரோலின், கிளைசின், அவ்வளவு விருப்பமில்லாதது. அதால வெளியில இருந்து நல்ல வரிசையோட ஒரு ஏற்பி வந்து நிண்டா எஸ்எச்2 வாலை விட்டிட்டு அங்கால போயிடும், கைனேஸ் எழும்பும். பிடி இரும்புப் பூட்டா இருந்திருந்தா ஒரு செய்தியும் உள்ளுக்குப் போயிருக்காது.

ஏபிஎல் எண்டது சார்க்கின்ர சொந்தக்காரர், அதிலயும் எஸ்எச்3, எஸ்எச்2, கைனேஸ் எல்லாம் இருக்கு, ஆனா வாலில பிடிக்கிற தைரோசின் இல்ல. அப்ப எப்பிடி அடங்குது? முன் நுனியில ஒட்டியிருக்கிற மிரிஸ்டோயில் எண்ட கொழுப்புத் துண்டு சுத்திவந்து கீழ் மடலின்ர அடியில இருக்கிற ஒரு குழிக்குள்ள செருகும், அப்பதான் எஸ்எச்2 வந்து சாய இடம் கிடைக்கும். 2003இல இந்தக் கட்டமைப்பு வெளிவந்தது. இப்ப ஒரு நோயைப் பாருங்கோ, 9ஆம் 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாறி ஒட்டேக்க பி.சி.ஆர் எண்ட புரதம் ஏபிஎல்லின்ர முன் நுனியில வந்து குந்தும், கொழுப்புத் துண்டு போச்சு, அடக்கம் போச்சு, வெண்குருதிக்கலங்கள் கட்டுப்பாடில்லாமப் பெருகும், அதுதான் சி.எம்.எல் எண்ட இரத்தப் புற்றுநோய். 2001இல அமெரிக்காவில அனுமதி கிடைச்ச இமாற்றினிப் குளிசை ஏ.ரி.பி குழிப்பக்கம் போய், கைனேஸ் படுத்திருக்கிற வடிவத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். 2021இல வந்த அசிமினிப் அப்பிடியில்ல, அது நேராக் கீழ் மடலின்ர கொழுப்புக் குழிக்குள்ள போய்க் குந்தும், அதாவது நோய் பறிச்ச கையை மருந்தாத் திருப்பிக் குடுக்குது. வாய், முதுகு எண்டு பிரிச்சுப் படிச்சா என்ன பிரயோசனம் எண்டு கேக்கிற பிள்ளைக்கு நான் இந்த ரெண்டு குளிசையையும்தான் சொல்லுறனான், ஒண்டு வாய்க்கு, மற்றது முதுகுக்கு.

மிச்சத்தைக் கெதியாச் சொல்லுறன், மூண்டு கேள்வியையும் நீங்களே போட்டுப் பாருங்கோ. கேம் கைனேஸ் 2இல வாயை அடைக்கிறது சொந்த உடம்பின்ர ஒரு துண்டு, எடுத்து விடுறது கல்சியம் பிடிச்ச கல்மொடியூலின் எண்ட புரதம், அதில விசேசம் என்னெண்டா 12 பேர் சேந்து நிப்பினம், பக்கத்தில நிக்கிறவர் திரியோனின் 286இல பொஸ்பேற்றை ஏத்தி விட்டா கல்சியம் போனாப் பிறகும் வாய் மூடாது, மூளையில நினைவு பதியிறதுக்கு இது தேவை. ஏகேரி எண்ட கைனேஸில பி.எச் டொமைன் வேலை செய்யிற பகுதியில சாய்ஞ்சு கிடக்கும், மென்சவ்வில பிப்3 எண்ட கொழுப்பு வந்தா அங்கால இழுபடும். ஜாக்2 எண்ட கைனேஸில பிடிக்கிறவர் இன்னொரு கைனேஸ் மாதிரியே இருக்கிற பொய்க் கைனேஸ் டொமைன், அதில 617ஆம் இடத்தில வலின் போய் பினைல்அலனின் வந்தா பிடி தளரும், செங்குருதிக்கலம் அளவுக்கு மிஞ்சிப் பெருகும், இத 2005இல கண்டுபிடிச்சவை.

இப்ப கொப்பியை மூடிப்போட்டு வெறும் தாளில இந்தக் கணக்குகளைச் செய்யுங்கோ, ஒவ்வொண்டுக்கும் முதலில படம், பிறகு பதில். சார்க்கில தைரோசின் 527ஐ பினைல்அலனின் ஆக்கினா? ஐதரொட்சில் இல்ல, பொஸ்பேற்று ஏறாது, எஸ்எச்2க்குப் பிடி இல்ல, கைனேஸ் எழும்பி நிக்கும். அதோட சேத்து லைசின் 295ஐ மெதியோனின் ஆக்கினா? வால் விடுபட்டு என்ன, சிவப்புக் கோட்டின்ர ஒரு முனையே இல்ல, வேலை நடக்காது. பி.கே.சி அல்பாவின்ர பொய்த் துண்டில அலனின் 25ஐ குளுட்டமேற்று ஆக்கினா? மறை ஏற்றம் வந்து பொஸ்பேற்று ஏறின மாதிரி நடிக்கும், வாய் அதை வச்சிருக்க விரும்பாது, கைனேஸ் எழும்பும். ஏபிஎல்லில ரெண்டாவது எச்சமான கிளைசினை அலனின் ஆக்கினா? மிரிஸ்டோயில் ஒட்டுறது அந்தக் கிளைசினிலதான், ஒட்ட ஏலாது, அடக்கம் குறையும்.

கடைசிக் கணக்கு கொஞ்சம் பாரம். சார்க் குடும்பத்து எச்சிகே எண்ட கைனேஸில வாலை எஸ்எச்2க்கு மிக விருப்பமான வரிசையா மாத்தி இறுக்கி வச்சிருக்கு, இப்ப எச்.ஐ.வியின்ர நெஃப் புரதம் வந்து எஸ்எச்3ஐ மட்டும் இழுக்குது. வாலில எஸ்எச்2 பிடிச்சபடியே நிக்கும். கைனேஸ் எழும்புமோ? எழும்பும், மேல் மடலின்ர முதுகில இருந்த கை போனதே காணும். உங்கட படத்தில எஸ்எச்3க்கும் எஸ்எச்2க்கும் ஒரே அம்புக்குறி போட்டிருந்தா அதை அழிச்சு ரெண்டாக் கீறுங்கோ.